வழிகாட்டியுடன் மலைநடை: நெடுநாள் அனுபவத்தில் தெரிந்துகொண்டவை

மலைநடைக்கு வழிகாட்டி எதற்கு, கைப்பேசியிலேயே வரைபடம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் பலர். பல ஆண்டுகளாக வெவ்வேறு மலைத்தொடர்களில் வழிகாட்டிகளுடன் நடந்து வருபவன் என்ற முறையில் என் பதில் இது: வழியைக் காட்டுவது அவர்கள் வேலையில் மிகச் சிறிய பகுதி. பலர் நடந்து தெளிவான தடத்தில், கற்குவியல்களும் வண்ணக்குறிகளும் உள்ள பாதையில், வானம் தெளிந்திருக்கும் வரை வழி தவறுவது அரிது. நாம் கட்டணம் கொடுப்பது வேறு இரண்டு காரியங்களுக்காக. நம் நடையின் வேகத்தை அளந்து தருவது ஒன்று. திரும்ப வேண்டிய நேரத்தில் தயங்காமல் திரும்பச் சொல்வது மற்றொன்று. இந்த இரண்டிலும் தேர்ந்தவருடன் நடந்த நாளின் மாலையையும் தேராதவருடன் நடந்த நாளின் மாலையையும் என் முழங்கால்களே பிரித்துச் சொல்லிவிடும்.

வேகத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழிகாட்டியின் தரம் முதல் ஒரு மணி நேரத்திலேயே வெளிப்பட்டுவிடுகிறது. கைதேர்ந்தவர்கள் புறப்படும்போது அலுப்பூட்டும் அளவுக்கு மெதுவாக நடப்பார்கள். குழுவில் உடல் வலு மிக்கவர்கள் பொறுமை இழந்து முன்னால் போகப் பார்ப்பார்கள். வழிகாட்டி தம் வேகத்தை மாற்றிக்கொள்ள மாட்டார். அப்படிப்பட்ட ஒருவரின் கால்களை நான் பின்னாலிருந்து வெகுநேரம் கவனித்திருக்கிறேன். அடிகள் குட்டையாக இருந்தன. செங்குத்தான இடத்தில் முன்பாதத்தை மட்டும் ஊன்றாமல், உள்ளங்கை அகலமுள்ள தட்டையான கல்லாகத் தேடிப் பாதம் முழுவதையும் பதித்தார். அதனால் கெண்டைக்கால் தசை இழுபடாமல் இருந்தது. முழங்கால் உயரப் படி எதிர்ப்பட்டால் அதன்மேல் நேராக ஏறாமல், பக்கத்தில் இரண்டு சிறு படிகளைக் கண்டுபிடித்து அதே உயரத்தை அடைந்தார். நாள் முழுவதும் சில ஆயிரம் முறை இப்படிச் சேமித்த உழைப்புதான் பிற்பகலில் அவருக்கும் அவரைப் பின்பற்றியவர்களுக்கும் கைகொடுத்தது. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே ஏற்றத்துக்கு ஏற்ற வேகம். வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் அது அதிகம்.

புறப்பட்டுப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் ஒரு நிறுத்தம் போடுவதும் அனுபவசாலிகளின் வழக்கம். அது ஓய்வுக்கானது அன்று. மேலாடை ஒன்றைக் கழற்றவும், ஷூ கயிற்றைச் சரிசெய்யவும், முதுகுப்பையின் வாரை இறுக்கவும் ஆனது. வியர்வையில் நனைந்த உடையோடு முகட்டை அடைந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். சராசரியாக ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அதோடு முகட்டில் காற்றும் சேர்ந்துகொண்டால் ஈரமான பருத்திச் சட்டை உடல் சூட்டை மிக விரைவாக உறிஞ்சிவிடும். பருத்தியை மலைக்கு எடுத்து வராதீர்கள் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். அந்த அறிவுரை சற்றும் மிகையானதன்று.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892ஆம் ஆண்டு வகுத்த விதியையே பலர் இன்றும் அடிப்படையாகக் கொள்கிறார்கள்: மூன்று மைலுக்கு, அதாவது சுமார் 4.8 கிலோமீட்டருக்கு, ஒரு மணி நேரம். 2000 அடி, அதாவது ஏறத்தாழ 600 மீட்டர், ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தொலைவும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு இந்தக் கணக்கில் நான்கு மணி நேரம் வரும். ஓய்வும் உணவும் இதில் சேரவில்லை. தளர்ந்த கற்களும் செங்குத்தான இறக்கமும் சேரவில்லை. குழுவில் மிக மெதுவாக நடப்பவரும் சேரவில்லை. நல்ல வழிகாட்டி இவை அனைத்தையும் கூட்டி, ஆறு மணி நேரம் ஆகும் என்று காலையிலேயே சொல்லிவிடுவார். நான்கு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று உற்சாகப்படுத்துபவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

இரண்டாவது காரியம் திரும்புதல். என் அனுபவத்தில் நான் மிகவும் மதிக்கும் வழிகாட்டிகள் எல்லோரும் திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே அறிவித்தவர்கள். இன்ன நேரம் ஆனதும் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம் என்று அடிவாரத்தில் சொல்லிவிட்டால், உச்சியின் அருகே வாக்குவாதத்துக்கு இடம் இல்லாமல் போகிறது. களைப்பும் ஆசையும் சேர்ந்த நிலையில் எடுக்கும் முடிவைவிட, காலையில் தெளிந்த மனத்தோடு எடுத்த முடிவுக்கே மலையில் மதிப்பு அதிகம். வெயிலில் சரிவுகள் சூடாகி ஈரக்காற்று மேலெழுவதால் பல மலைப்பகுதிகளில் நண்பகலுக்குப் பிறகு இடிமேகம் திரள்கிறது. அதிகாலையில் புறப்பட வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு முக்கியக் காரணம் இதுவே.

ஒருமுறை உச்சிக்கு இன்னும் அரை மணி நேரமே நடக்க வேண்டியிருந்தது. எங்கள் தலைக்கு மேல் நீலவானம். எதிர்முகட்டின் மேல் இருந்த வெண்மேகத்தின் தலை காலிஃபிளவரைப் போல மேல்நோக்கிப் புடைத்துக்கொண்டே போவதை வழிகாட்டி சற்று நேரம் பார்த்தார். திரும்புவோம் என்றார். குழுவில் ஒருவர், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று வாதாடினார். வழிகாட்டி எதிர்வாதம் செய்யவில்லை. அந்த மேகத்தைக் கைகாட்டிவிட்டு இறங்கத் தொடங்கினார். முகட்டை விட்டுக் கீழே வெகுதூரம் வந்த பிறகு முதல் இடி கேட்டது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணச் சொன்னார். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும் என்பதால், முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அது ஆபத்தான நெருக்கம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும் வரை திறந்த முகட்டுக்குப் போகக் கூடாது என்ற விதியையும் அன்றுதான் கற்றேன். உச்சியைத் தொடாத அந்த நாளுக்குக் கொடுத்த கட்டணத்தை நான் மிகவும் பயனுள்ள செலவாகவே கருதுகிறேன்.

இறக்கத்தைப் பற்றிப் புதியவர்கள் போதிய அளவு யோசிப்பதில்லை. ஏற்றம் மூச்சைச் சோதிக்கிறது. இறக்கம் தொடைத் தசைகளைச் சோதிக்கிறது. இறங்கும்போது தொடையின் முன்பகுதித் தசைகள் நீண்டுகொண்டே சுமையைத் தாங்குவதால் அவற்றில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, அடுத்த இரண்டு மூன்று நாள்களுக்கு வலி நீடிக்கும். முன்கூட்டியே சில இறக்கங்களில் நடந்து பழகியிருந்தால் அதே தசைகள் குறைவாகவே வலிக்கும் என்பது ஆய்வுகளிலும் நிறுவப்பட்டது, என் கால்களும் அதை உறுதிசெய்திருக்கின்றன. ஊன்றுகோல்கள் முழங்காலின் சுமையைக் குறைக்கின்றன. இறங்கும் முன் அவற்றை ஒரு சாண் அளவுக்குள் சற்று நீட்டிக்கொள்ள வேண்டும் என்பதை நினைவூட்டாத வழிகாட்டிகளும் உண்டு. நாமே நினைவில் கொள்வது நல்லது. இறக்கத்துக்கு முன் கணுக்கால் பகுதியில் கயிற்றை இறுக்கிக் கட்டினால் கால்விரல்கள் ஷூவின் முனையில் மோதி நகம் கறுப்பதும் தவிர்க்கப்படும்.

உயரமான மலைகளில் வழிகாட்டியின் பொறுப்பு இன்னும் பெரிது. 2500 மீட்டருக்கு மேல், காற்று மெலிவதால் வரும் உயர மலை நோய் யாரையும் தாக்கலாம்; இளமையும் உடற்பயிற்சியும் அதற்குக் காப்பு அல்ல. 5500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். 3000 மீட்டரைக் கடந்தபின் இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்கி ஓய்வெடுப்பது மருத்துவர்களின் பரிந்துரை. பயணத்திட்டத்தைக் கையில் வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது காட்சிமுனைகளின் பட்டியலை அன்று, ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் என்பதைத்தான். விடுமுறை நாள்களுக்குள் அடக்குவதற்காக உயரத்தைத் தாவித் தாவிக் கூட்டியிருக்கும் திட்டம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். தலைவலியை மறைக்காமல் சொல்லும்படி ஒவ்வொரு மாலையும் கேட்கும் வழிகாட்டி கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பெரிய குழுக்களே என் தீராத மனக்குறை. ஒரு நிறுவனம் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என இரண்டு வழிகாட்டிகள் வருவதாக உறுதியளித்துவிட்டு ஒருவரை மட்டுமே அனுப்பியது. குழு ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறியது. அத்தகைய குழுவில் நடக்கும் அநீதி ஒன்று உண்டு. முன்னால் சென்றவர்கள் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். கடைசியாக வருபவர் வந்து சேர்ந்ததும் எல்லோரும் எழுந்து புறப்படுவார்கள். அதிகம் களைத்தவருக்கே ஓய்வு இல்லாமல் போகிறது. நல்ல வழிகாட்டிகள் மிக மெதுவாக நடப்பவரைத் தமக்கு அடுத்ததாக நிறுத்தி, அவர் வேகத்தைக் குழுவின் வேகமாக்குவார்கள். காட்சியை ரசிக்கவிடாமல் படம் எடுக்கும் இடங்களுக்கு மட்டும் இழுத்துச் செல்பவர்களையும் கண்டிருக்கிறேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

தகுதிச் சான்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பனியாறுகளைக் கடக்கவும் கயிற்றைப் பயன்படுத்தவும் வேண்டிய மலையேற்றத்துக்கான வழிகாட்டிகளின் சர்வதேசக் கூட்டமைப்பு 1965 முதலும், கயிறு தேவைப்படாத மலைநடைக்கான தலைவர்களின் சர்வதேச ஒன்றியம் 2004 முதலும் இயங்குகின்றன. இரண்டும் வெவ்வேறு பயிற்சிகள். நாம் போகும் நிலத்துக்கு எது பொருந்தும் என்பதைப் பார்க்க வேண்டும். சான்றிதழ் இல்லாமலேயே தம் மலையை உள்ளங்கை போல அறிந்த உள்ளூர்க்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் கற்றது ஏராளம். ஆனால் முதலுதவிப் பயிற்சியை மட்டும் எவரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வழிகாட்டியுடன் நடப்பதில் ஓர் இழப்பும் இருக்கிறது. முன்னே செல்பவரின் குதிகாலையே பார்த்து நடப்பவருக்கு, நாள் முடிவில் எந்த ஓடையை எந்தப் பக்கமாகக் கடந்தோம் என்பது நினைவில் நிற்பதில்லை. இதற்கு நான் கண்ட வழி, காகித வரைபடம் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாம் இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, சரியா என்று வழிகாட்டியிடம் கேட்பது. 1:50,000 அளவு வரைபடத்தில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். சமவுயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சரிவு. கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்லித் தராத நல்ல வழிகாட்டியை நான் இதுவரை சந்தித்ததில்லை. நிமிடத்துக்கு ஆறு முறை விசிலோ ஒளியோ கொடுத்து, ஒரு நிமிடம் விட்டு மீண்டும் கொடுப்பது மலைகளில் உதவி கோரும் சைகை என்பதையும், நிமிடத்துக்கு மூன்று முறை வருவது அதற்கான பதில் என்பதையும் இப்படிக் கேட்டுத்தான் அறிந்தேன்.

இப்போது குறியிட்ட பாதைகளுள்ள தாழ்ந்த மலைகளுக்கு நண்பர்களோடு வழிகாட்டி இல்லாமலே போகிறேன். புதிய மலைத்தொடர், 3000 மீட்டருக்கு மேற்பட்ட இரவுகள், பனி எஞ்சியிருக்கும் கணவாய்கள் ஆகியவற்றுக்கு இன்றும் வழிகாட்டியை அமர்த்துகிறேன். முன்பணம் கட்டும் முன் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம்: கடைசியாக எப்போது, எதற்காகக் குழுவைப் பாதியிலேயே திருப்பி அழைத்து வந்தீர்கள்? அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னால் நன்றி கூறி முடித்துக்கொள்வேன். எந்தச் சரிவு, என்ன வானிலை, யார் களைத்துப்போனார், எப்படி இறக்கினோம் என்று விவரமாகச் சொல்லத் தொடங்குபவரிடம் அப்போதே தேதியைக் குறித்துக்கொள்வேன்.