ஹயபூசா: லாக் குவியலில் ஒரே ஒரு வரிக்காக

பைக் விமர்சனம் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இந்த ஹயபூசா, ஜப்பானின் யமாடோ செக்யூரிட்டி குழு ரஸ்ட் மொழியில் எழுதி இலவசமாகக் கொடுக்கும் கருவி. விண்டோஸ் ஈவென்ட் லாக் (கணினியில் நடப்பதை விண்டோஸ் எழுதி வைக்கும் பதிவேடு) இருக்கும் ஃபோல்டரைக் காட்டினால் போதும், சிக்மா விதிகளோடும் (சந்தேகமான நடவடிக்கையை லாகில் கண்டுபிடிக்கப் பொதுவில் பகிரப்படும் விதிகள்) தன் சொந்த விதிகளோடும் ஒப்பிட்டு, சிக்கியதையெல்லாம் நேர வரிசையில் ஒரே சிஎஸ்வி (அட்டவணை) கோப்பாகக் கையில் கொடுத்துவிடும்.

போன மாதம் ஒரு சின்ன அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். கணக்கு சாஃப்ட்வேர் ஓடும் சர்வரில், லாகின் திரையில் யாரும் உருவாக்காத ஒரு யூசர் பெயர் நிற்கிறதாம். ஆடிட்டர் வீட்டிலிருந்தே பார்க்க வசதியாக, ஆர்டிபி (தொலைவிலிருந்து விண்டோஸ் திரையை இயக்கும் வசதி) பயன்படுத்தும் 3389 போர்ட்டை இணையத்துக்கு அப்படியே திறந்து வைத்திருந்தார்கள். அதனால் உள்ளே நுழைந்தவன் எந்த வழியாக வந்தான் என்பதில் பெரிய மர்மம் இல்லை. எப்போது வந்தான், எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தான், அதுதான் தெரிய வேண்டும்.

வழக்கம்போல முதலில் விண்டோஸிலேயே இருக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். 4625 என்று ஃபில்டர் போட்டால் தோற்றுப்போன லாகின்கள் முடிவே இல்லாமல் வருகின்றன. ஆர்டிபி என்றால் லாகான் டைப் (எந்த விதமான லாகின் என்று காட்டும் எண்) 10 என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் இங்கே ஏமாறுவார்கள். என்எல்ஏ (திரை திறக்கும் முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் அமைப்பு) போட்டிருந்தால் தப்பான பாஸ்வேர்டு முயற்சிகள் டைப் 3 (நெட்வொர்க் லாகின்) என்றுதான் பதிவாகும். ஐபியை வைத்துப் பிரிக்க அந்த ஃபில்டர் பெட்டியில் இடமே இல்லை, எக்ஸ்எம்எல் பக்கத்துக்குப் போய்க் கையால் எழுத வேண்டும், அதிலும் ஒரு பெயரின் நடுவில் வரும் நாலு எழுத்தை மட்டும் கொடுத்துத் தேட முடியாது. சரி, உள்ளே நுழைந்த 4624-ஐயாவது பார்ப்போம் என்றால், லாகே அன்று விடியற்காலையில்தான் தொடங்குகிறது! அந்த சர்வரில் செக்யூரிட்டி லாகுக்கு 20 எம்பிதான், நிரம்பினால் பழைய வரிகள் போய்விடும். கதவைத் தட்டிக்கொண்டே இருந்த கூட்டம், உள்ளே வந்தவனின் தடத்தையும் சேர்த்து அழித்துவிட்டது.

லாக் ஃபோல்டர் முழுவதையும் என் லேப்டாப்புக்குக் காப்பி எடுத்துக்கொண்டு ஹயபூசாவை ஓட்டினேன். (விதிக் கோப்புகளில் பாஸ்வேர்டு திருடும் மிமிகேட்ஸ் மாதிரி கருவிகளின் பெயர்கள் இருப்பதால் ஆன்டிவைரஸ் அலறலாம், பயப்பட வேண்டாம்.) எந்த விதிகளை ஏற்றட்டும் என்று ஐந்து வழிகள் காட்டிக் கேட்கும். குப்பை வேண்டாமே என்று முதலாவதைக் கொடுத்தேன். அது ஹை, கிரிட்டிக்கல் என்ற ஆபத்து நிலைகள் இரண்டை மட்டும்தான் எடுக்கும். ஏழெட்டு வரி வந்தது, ஒன்றும் உதவவில்லை. தப்பு என்னுடையதுதான். மறுபடி ஐந்தாவதைக் கொடுத்து எல்லாவற்றையும் எடுத்து, எரிக் சிம்மர்மேனின் டைம்லைன் எக்ஸ்ப்ளோரரில் (சிஎஸ்வி பார்க்கும் கருவி) திறந்து, சேனல் என்ற தலைப்பை மேலே இழுத்துவிட்டதும் வரிகள் லாக் வாரியாகப் பிரிந்தன. டெர்மினல் சர்வீசஸின் லோக்கல் செஷன் மேனேஜர் லாகில் (ஆர்டிபி செஷன்களும் பதிவாகும் தனி லாக்) ஒரு 21, அதாவது வெற்றிகரமாக உள்ளே நுழைந்ததற்கான எண். இரவு 2.47, அட்மினிஸ்ட்ரேட்டர், கூடவே வெளியிலிருந்து வந்த ஐபி. தோற்ற முயற்சிகள் அந்த லாகில் எழுதப்படுவதில்லை, அதனால் அது நிரம்பாமல் தப்பித்திருக்கிறது. நிலை என்னவோ வெறும் இன்ஃபோ, அதனால்தான் முதல் தடவை கண்ணில் படவில்லை.

இன்னொரு விஷயம். நாமாகச் சொல்லாவிட்டால் ஹயபூசா நம் கணினியின் உள்ளூர் நேரத்தைத்தான் காட்டும். ரவுட்டர் லாகோ யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தது. அதில் முந்தைய நாள் 21.17 என்று அதே ஐபி கண்ணில் பட்டும், இது வேறு நாள் என்று தாண்டிப் போய்விட்டேன். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பார்க்க எனக்கு ஒரு டீ தேவைப்பட்டது.

குறை சொல்ல வேண்டுமென்றால், கறுப்புத் திரையில் கட்டளை அடித்தே பழகாதவர்களுக்கு முதல் நாள் கஷ்டம்தான், சிஎஸ்வியின் கடைசி நெடுவரிசை வரை படிக்க லேப்டாப் திரை போதாது, அப்புறம் விண்டோஸ் லாக் தவிர வேறெதையும் இதனிடம் எதிர்பார்க்காதீர்கள். மற்றபடி ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன்.

செக்யூரிட்டி லாகை 1 ஜிபியாக்கி, 3389-ஐ மூடிவிட்டுக் கிளம்பினேன். வண்டியை ஸ்டார்ட் செய்வதற்குள் ஆடிட்டரிடமிருந்து போன்: “தம்பி, உள்ளே போக முடியலையே?”