ரூமாலி தவாவில் லவாஷ் சுடலாமா?

சௌகார்பேட்டை பாத்திரக் கடைகளில் ரூமாலி ரொட்டிக்கென்று விற்கும், கவிழ்த்த வாணலி மாதிரியான 14 அங்குல இரும்புத் தவா, மெல்லிய அர்மீனிய ரொட்டியான லவாஷுக்கு மட்டும் நல்ல கருவி. மற்ற அர்மீனிய ரொட்டிகளுக்காக இதை வாங்க வேண்டாம். பக்கத்திலேயே அர்மீனியன் தெரு இருக்கிறதே என்றால், அதை நம்மூர் வாய் எப்போதோ அரண்மனைக்காரன் தெருவாக்கிவிட்டது; 1772இல் கட்டிய தேவாலயம் நிற்கிறது, ரொட்டியை நாம்தான் சுட வேண்டும்.

அர்மீனியாவில் லவாஷைத் தோனிர் எனும் புதைத்த மண் அடுப்பின் உள்சுவரில் அறைவார்கள். சுற்றிலும் அனல், ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடும். தவாவில் சூடு ஒரு பக்கம்தான், திருப்பிப் போட்டே ஆக வேண்டும்.

மைதா 500 கிராம், உப்பு 10 கிராம், ஈஸ்ட் 3 கிராம், தண்ணீர் 290 மில்லி. பத்து நிமிடம் பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். 80 கிராம் உருண்டைகள் பத்து வரும். அவற்றுக்கு இன்னும் 20 நிமிடம். இதைத் தவிர்த்தால் மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும், இழுத்தால் கிழியும். வீச்சுப் பரோட்டா போட்டுப் பழகிய கைக்கு இழுப்பு சுலபம், ஆனால் எண்ணெய் தொடக் கூடாது. துணி சுற்றி மாவு தூவிய சின்னத் தலையணையில் விரித்து அப்படியே தவாமேல் கவிழ்த்தால் மடிப்பு விழாது.

தவாவின் பெரிய குறை, உச்சி கருகும்போது ஓரம் பச்சையாக இருப்பது. மெல்லிய தகடென்றால் இன்னும் மோசம்; கனமானதாகப் பார்த்து எடுங்கள். விளிம்பு பர்னரை மூடிக்கொண்டால் காற்றுப் போகாமல் தீ மஞ்சளாகிக் கரி பிடிக்கும், ஸ்டாண்டு வைத்துத் தூக்குங்கள். எட்டு நிமிடம் காய்ந்தபின் ஒரு பக்கம் 40 நொடி, மறுபக்கம் 20. புதுத் தவாவை மட்டும் இரண்டு நாள் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவிப் பழக்க வேண்டும்.

கீரை அடைத்த அர்மீனிய ரொட்டியான ஜிங்யாலோவ் ஹட்ஸுக்குத் தவாவின் இந்தக் குமிழ் சரிப்படாது, ஓரம் தொங்கிவிடும். தோசைக்கல்லே மேல். முளைக்கீரை, பருப்புக்கீரை, கொத்துமல்லியோடு புளிப்புக்குக் கொஞ்சம் புளிச்சக்கீரை. கழுவி ஈரம் போக உலர்த்தி நறுக்குங்கள். உப்பை மூடுவதற்குச் சற்று முன்புதான் போட வேண்டும். முன்னாடியே போட்டால் தண்ணீர் விட்டு மாவு பிய்ந்துவிடும். விரலால் வரி இழுக்கும் மத்னகாஷ் ரொட்டிக்கு ஓவன் இல்லாமல் முடியாது.

லவாஷை உலர்த்தி மாதக்கணக்கில் அடுக்கிவைத்து, தேவைப்படும்போது தண்ணீர் தெளித்து எடுப்பது அர்மீனிய வழக்கம். ராயபுரம் கடல் காற்றில் அது நடக்காது, பூஞ்சை பிடிக்கும். சுட்டதும் பிழிந்த துணியில் மூடி அன்றே சாப்பிடுங்கள், மீந்ததை ஃப்ரீசரில் வையுங்கள்.