புகாரில் இனம், பாலினம்: எழுதலாமா, விடலாமா?

சிங்கப்பூர் அலுவலகம் ஒன்றில், கூட்டத்தில் எத்தனை பேர் இருந்தாலும் குறிப்பெடுக்கச் சொல்வது அங்கு வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணிடம்தான். இதைப் பற்றி அவர் புகார் எழுதும்போது தன் இனத்தையும் பாலினத்தையும் குறிப்பிடலாமா என்பதே கேள்வி. புகாரில் நடந்ததை மட்டும் எழுதலாம். யாரும் முகம் சுளிக்காமல் படிப்பார்கள். ஆனால் ‘வேலைப் பங்கீட்டுப் பிரச்சினை’ என்று சுலபமாக மூடிவிடுவார்கள்.

பாலினத்தையும் இனத்தையும் சேர்த்தால், “எதற்கெடுத்தாலும் இனத்தை இழுக்காதே” என்பார்கள். சிங்கப்பூரில் அது கனமான பேச்சு. சரி, இருந்தாலும் என் ஓட்டு சேர்ப்பதற்குத்தான். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டமே பாலினம், இனம், மொழி என்று வெளிப்படையாகச் சொல்லும்போது நாம் ஏன் மென்று விழுங்க வேண்டும்? முதலில் தேதி, சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர்கள். அப்புறம், அதே பதவியில் உள்ள சீன ஆண்களிடமோ பெண்களிடமோ இந்த வேலையைக் கேட்டதே இல்லை என்பதை எழுதுங்கள். வேலை ஏவியவரின் இனத்தை மட்டும் விட்டுவிடலாம்; புகார் அவர் செயலைப் பற்றியது.