சைக்கிளை எங்கே கட்டுவது: கார் கூரையிலா, டிரெய்லரின் வாலிலா, ஏர்க்காலிலா?

கிருஷ்ணகிரியிலிருந்து, படுக்கை வசதியுள்ள சிறு இழுவை வண்டியான கேம்பர் டிரெய்லரைக் காரில் இழுத்துக்கொண்டு புறப்படும்போது இரண்டு சைக்கிள்களும் உடன் வர வேண்டும் என்பது எங்கள் வீட்டில் முதலிலேயே முடிவான விஷயம். டிரெய்லரை ஓரிடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தளத்தை மட்டம் பார்த்து முடித்தபின், காலையில் பால் வாங்குவதற்கும் ஏரிக்கரை வரை போய் வருவதற்கும் காரை எடுக்க யாருக்கும் மனம் வராது. அந்த நேரத்தில் சைக்கிளின் அருமை தெரியும். ஆனால் அந்தச் சைக்கிள்களை எங்கே கட்டிக்கொண்டு போவது என்பதை முடிவு செய்ய எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. கூரை, டிரெய்லரின் பின்முனை, உள்ளறை என்று ஒவ்வொன்றாக முயன்றுவிட்டு, இப்போது டிரெய்லரின் முன்னால் நீண்டிருக்கும் இழுவைச் சட்டத்தின்மேல் கட்டுகிறோம். மாட்டுவண்டியின் ஏர்க்கால் செய்யும் வேலையைத்தான் அந்தச் சட்டமும் செய்கிறது என்பதால் அதை நான் ஏர்க்கால் என்றே குறிப்பிடுகிறேன்.

எங்களுடையது இரண்டு பேர் படுக்கக்கூடிய ஒற்றை அச்சு டிரெய்லர். தண்ணீர், அடுப்பு, துணிமணி எல்லாம் ஏற்றியபின் ஏறத்தாழ 700 கிலோ. டிரெய்லரை மாட்டும் காரின் கொக்கி உருண்டையிலிருந்து டிரெய்லரின் அச்சு வரை 3 மீட்டர். சைக்கிள்களில் ஒன்று 22 கிலோ எடையுள்ள பழைய இரும்புச் சைக்கிள். மற்றொன்று 17 கிலோ எடையுள்ள கியர் சைக்கிள். பட்டறையில் செய்துகொண்ட கேரியர் சட்டத்தின் 16 கிலோவையும் சேர்த்தால் மொத்தம் 55 கிலோ. காரின் கொக்கி தாங்கக்கூடிய செங்குத்துப் பாரம் 80 கிலோ. இரட்டை அச்சு டிரெய்லரை நான் இழுத்ததில்லை. ஆகவே இனி வரும் கணக்கை ஒற்றை அச்சு வண்டிக்கு உரியதாகவே கொள்ள வேண்டும்.

காரின் பின்கதவில் பட்டை போட்டு மாட்டும் கேரியரைப் பற்றிப் பேசத் தேவையில்லை. டிரெய்லர் தொடர்ந்து வரும்போது அந்த இடம் நமக்குச் சொந்தமில்லை. முதல் வளைவிலேயே டிரெய்லரின் முகப்பு சைக்கிளை இடிக்கும்.

டிரெய்லரின் உள்ளே, அச்சுக்கு நேர் மேலே, முன்சக்கரத்தைக் கழற்றிப் படுக்க வைத்துக் கட்டுவது எடைச் சமநிலையின்படி எல்லாவற்றையும்விடச் சிறந்தது. மழையும் தூசியும் திருட்டும் அண்டாது. ஆயினும் இரவு பத்து மணிக்கு ஓரிடத்தை அடைந்து, படுக்க வேண்டுமானால் முதலில் இரண்டு சைக்கிள்களையும் இறக்கி வெளியே பூட்ட வேண்டும், விடிந்ததும் செயின் எண்ணெய் படாமல் மீண்டும் உள்ளே ஏற்ற வேண்டும் என்றால், மூன்றாம் நாள் சைக்கிளே வேண்டாம் என்று தோன்றிவிடுகிறது. படுக்கையை மடித்து வைக்கக்கூடிய பெரிய டிரெய்லர் உள்ளவர்கள் இந்த வழியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

கார் கூரைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: டிரெய்லரின் சமநிலையில் அது கை வைப்பதே இல்லை. எடை குறைந்த சைக்கிளும் உயரம் குறைந்த காரும் உள்ளவர்களுக்கு நானே கூரையைத்தான் பரிந்துரைப்பேன். எங்கள் நிலைமை வேறு. காரின் உயரம் 1.8 மீட்டர், கூரைச் சட்டத்தின்மேல் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினால் மொத்த உயரம் 3 மீட்டரை எட்டுகிறது. நான்குவழிச் சாலையில் இது ஒரு பொருட்டில்லை. ஆனால் இம்மாவட்டத்தின் உட்சாலைகளில் இருபுறமும் நிற்கும் புளியமரங்களின் கிளைகள் லாரி போகும் நடுப்பகுதியில்தான் உயர்ந்திருக்கின்றன. எதிரே பேருந்து வரும்போது ஓரம் ஒதுங்கினால் கிளை தாழ்ந்துவிடுகிறது. ரயில் பாதைக்குக் கீழே செல்லும் சாலைகளின் முகப்பில் நிறுத்தியிருக்கும் உயரத்தடைச் சட்டத்தையும், தங்குமிடங்களின் நுழைவு வளைவையும் ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னால் டிரெய்லர் இருப்பதால், தடையைக் கண்டதும் சட்டென்று பின்னெடுத்துத் திரும்பவும் முடியாது. மேலும், 22 கிலோ சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கி வைப்பது தனி ஆளின் வேலை அன்று. எங்கள் காரின் கையேடு கூரைக்கு அனுமதிக்கும் 50 கிலோவில், சைக்கிள்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்து ஏறக்குறைய முழுவதையும் எடுத்துக்கொண்டன. இரண்டு பயணங்களோடு அதை விட்டோம்.

அடுத்து, பெரும்பாலோருக்கு முதலில் தோன்றும் வழியான டிரெய்லரின் பின்முனை. எங்களுக்கும் அதுவே சரியெனப்பட்டது. இடுப்பு உயரத்தில் ஏற்றலாம், இறக்கலாம். காரின் பின்கதவு தடையின்றித் திறக்கும். திருப்பத்தில் எதிலும் இடிக்காது. வெல்டிங் பட்டறையில் பின்சட்டத்தோடு ஒரு கேரியரைப் பற்றவைத்துக்கொண்டு, தருமபுரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சென்று வந்தோம். வேகம் குறைவான பாதை என்பதால் வண்டியின் போக்கில் குறை எதுவும் தெரியவில்லை. வீடு திரும்பிக் கழுவும்போதுதான் பற்றவைத்த மூலை ஒன்றில் மயிரிழை போல ஒரு விரிசல் கண்ணில் பட்டது. அச்சுக்கு வெகு பின்னால் தொங்கும் பாரம் ஒவ்வொரு வேகத்தடையிலும் மேலெழும்பிக் கீழே விழுகிறது. அந்த அடி முழுவதையும் அந்த மூலைகள்தாம் வாங்குகின்றன. பட்டறைக்காரர் முட்டுத்தகடு வைத்து வலுவாக்கித் தந்தார். அதனால் விரிசல் நின்றது. பாரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அது எவ்வளவு தவறான இடம் என்பது சேலம் செல்லும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் தெரிந்தது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அந்த இறக்கம் வளைந்து நீளமாக இறங்குவதையும், அங்கு லாரிகள் கட்டுப்பாட்டை இழந்து நேரும் விபத்துகளையும் இப்பகுதியில் அறியாதவர் இல்லை. நான் 60 கிலோமீட்டர் வேகத்துக்குச் சற்று மேலே சென்றுகொண்டிருந்தேன். வலப்புறம் ஒரு பேருந்து கடந்தபோது அதன் காற்று டிரெய்லரை முதலில் தள்ளியது, பிறகு இழுத்தது. வழக்கமாக ஓர் அசைவோடு அடங்கிவிடும் டிரெய்லர், அன்று அடங்காமல் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, ஒவ்வோர் ஆட்டத்திலும் காரின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. ஸ்டீயரிங்கை எதிர்த்துத் திருப்பாமல் நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. வேகம் 45க்குக் கீழே வந்தபின் ஆட்டம் அடங்கியது. அருகில் அமர்ந்திருந்த என் மகள் வெகுநேரம் பேசவே இல்லை. அன்றிரவு சேலத்தில் தங்கிய இடத்தில், சைக்கிள்களை இறக்கிவிட்டு, காகிதத்தில் கணக்குப் போட்டேன்.

என் தகப்பனார் மாங்காய் ஏற்றி மாட்டுவண்டி ஓட்டியவர். வண்டியில் பாரம் ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொற்களை அவர் சொல்லாத நாளில்லை. பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே எழும்பிப் பூட்டுக்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்தும். அளவான முன்பாரம் இருந்தால்தான் மாடும் வண்டியும் ஒன்றாகப் போகும். டிரெய்லரிலும் நடப்பது இதுவே. கொக்கியின்மேல் டிரெய்லர் அழுத்தும் எடையே முன்பாரம். ஐரோப்பாவில் காரவான் இழுப்பவர்கள் இது டிரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் என்பது வழக்கம். இரு வழக்கங்களும் எண்ணில் வேறுபட்டாலும், முன்பாரம் குறைந்தால் டிரெய்லர் ஆடும் என்பதில் வேறுபடுவதில்லை.

சைக்கிள் இல்லாதபோது எங்கள் முன்பாரம் 60 கிலோ. அதாவது எட்டரை சதவீதம். 55 கிலோ பாரத்தை அச்சுக்குப் பின்னால் 2.4 மீட்டர் தூரத்தில் தொங்கவிட்டால், ஏற்றப்பலகையைப் போல அது முன்முனையை மேலே தூக்குகிறது. 55ஐ 2.4ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் 44. முன்பாரம் 60லிருந்து 16 கிலோவாக, 2 சதவீதமாக, இறங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரிந்ததோ, நேர்த்தியாகக் கட்டிய இரண்டு சைக்கிள்கள் மட்டும். டிரெய்லர் மட்டமாகவே நின்றது. இழுக்கும்போது காரும் இலகுவாகவே உணர்ந்தது. அந்த இலகுவை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏர்க்காலில் கட்டினால் கணக்குத் தலைகீழாகிறது. கொக்கியிலிருந்து 0.9 மீட்டர் பின்னால், அதாவது அச்சுக்கு 2.1 மீட்டர் முன்னால், அதே 55 கிலோவை வைத்தால் கொக்கிக்கு 38.5 கிலோ கூடுகிறது. 60உடன் சேர்த்தால் 98.5 கிலோ, இது கொக்கியின் 80 கிலோ வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே, கட்டிவிட்டுப் புறப்படுவது போதாது. டிரெய்லரின் முன்பெட்டியில் இருந்த 40 லிட்டர் தண்ணீர்க் கேன்களை அச்சுக்கு மேலே மாற்றினோம். அதனால் 24 கிலோ குறைந்து, முன்பாரம் 74.5 கிலோவில், ஏறத்தாழ 10 சதவீதத்தில் நின்றது. சைக்கிள் இல்லாமல் செல்லும் பயணங்களில் தண்ணீரை மறவாமல் முன்பெட்டிக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் முன்பாரம் 36 கிலோவாகக் குறைந்துவிடும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அச்சிலிருந்து தள்ளி எந்த முனையில் பாரம் வைத்தாலும், ஆடத் தொடங்கிய டிரெய்லரை அடக்குவது கடினமாகிறது. அந்தக் கடினம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது; தூரம் இரட்டித்தால் அது நான்கு மடங்காகும். ஏர்க்காலில் உள்ள சைக்கிளும் இதற்கு விலக்கன்று. வாலில் இருந்ததன் முக்கால் பங்கு அளவுக்கு அது இங்கேயும் இருக்கிறது. ஆனால் முன்பாரம் போதிய அளவில் இருக்கும்போது ஆட்டம் தொடங்குவதே அரிதாகிறது. அதன்பின் தொப்பூர் இறக்கத்தில் நான்கு முறை, 50 கிலோமீட்டர் வேகத்துக்குள், இறங்கியிருக்கிறேன். பேருந்துகள் கடந்தபோதெல்லாம் ஓர் அசைவோடு நின்றுவிட்டது. வேகத்தையும் குறைத்துவிட்டதால், முழுப் பெருமையையும் கேரியரின் இடமாற்றத்துக்கே கொடுப்பது நியாயமாகாது.

முன்பாரத்தை அளப்பது எளிது. டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, கொக்கி உயரத்துக்கு ஒரு மரத்துண்டை வெட்டி, எடை மெஷின்மேல் அதை நிறுத்தி, கொக்கித் தலையை அதன்மேல் மெல்ல இறக்கினால் போதும். வீட்டு மெஷினில் நம்பிக்கை இல்லாமல், மாங்காய் மண்டியின் மேடைத் தராசில் நான் ஒருமுறை சரிபார்த்தேன். பயணத்துக்கு உரிய எல்லாப் பாரமும் ஏற்றியபின் அளக்க வேண்டும். காலி டிரெய்லரை அளப்பதில் பயனில்லை.

ஏர்க்காலின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது இடைவெளி. சைக்கிளின் நீளம் 1.8 மீட்டர் வரை வரும். அது குறுக்காக நிற்பதால், காரை முழுமையாக வளைத்துப் பின்னெடுக்கும்போது அதன் சக்கரம் காரின் பின்விளக்கை நெருங்குகிறது. பட்டறையில் பற்றவைக்கும் முன்பே, கேரியரைக் கயிற்றால் தற்காலிகமாகக் கட்டி, காலி மைதானத்தில் இருபுறமும் முழு வளைவில் பின்னெடுத்துப் பார்த்தோம். மிக நெருங்கிய நிலையிலும் ஒரு சாண் இடைவெளி இருக்குமாறு சட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிய பிறகே இடத்தை உறுதி செய்தோம். கைப்பிடியைத் தளர்த்திச் சைக்கிளின் நீளவாட்டில் திருப்பிவிட்டால், டிரெய்லரின் முகப்பை உரசாது. இரண்டாவது, காரின் பின்கதவு பாதிதான் திறக்கும். இதற்கு நான் தீர்வு காணவில்லை, வழியில் தேவைப்படும் பொருள்களைப் பின்னிருக்கையில் வைத்துக்கொள்கிறோம். மூன்றாவது, காரின் பின்சக்கரங்கள் வாரியடிக்கும் கல்லும் செம்மண்ணும் நேரே சைக்கிள்மேல் விழுகின்றன. சக்கரங்களுக்குப் பின்னால் அகலமான ரப்பர் மண்தடுப்பு மாட்டியதில் பாதி குறைந்தது. மீதியை ஊர் சேர்ந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டுச் சமாளிக்கிறோம். தார்ப்பாய் போர்த்திப் பார்த்தோம். காற்றில் அடித்துக்கொண்டு ஒரே பயணத்தில் பெயின்டைத் தேய்த்துவிட்டது.

இதற்கு ஈடாகக் கிடைப்பவை சிறியவை அல்ல. டிரெய்லரின் பின்விளக்கும் பதிவு எண் பலகையும் மறைவதில்லை. வாலில் கட்டியபோது இரண்டையும் தனிப் பலகையில் மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. ஓட்டுநரின் கண்ணாடியில் சைக்கிள்கள் எப்போதும் தெரிகின்றன. ஒரு பட்டை தளர்ந்தால் அடுத்த கணமே தெரியும்.

கட்டும் முறையில் எந்த இடத்துக்கும் பொதுவான சில செய்திகள் உண்டு. சைக்கிள் கடைகளில் கிடைக்கும் பழைய டியூப்பை நீளவாக்கில் வெட்டி, சட்டமும் கேரியரும் தொடும் இடமெல்லாம் சுற்றிவிட வேண்டும். பெயின்ட் காக்கப்படும், நழுவவும் செய்யாது. இறுக்குப் பட்டையைப் பிரேக் கம்பியின்மேல் போடக் கூடாது. இரு சக்கரங்களையும் தனித்தனியே கேரியரோடு கட்ட வேண்டும். கட்டாத முன்சக்கரம் சுழன்று சுழன்று எல்லா முடிச்சையும் தளர்த்திவிடும். புறப்பட்ட பத்தாவது கிலோமீட்டரில் நிறுத்தி ஒருமுறை இறுக்கிவிடுவது நல்லது. கிருஷ்ணகிரியிலிருந்து தெற்கே செல்லும்போது எங்களுக்கு அது காவேரிப்பட்டணத்துத் தேநீர்க் கடையில் அமைந்துவிடுகிறது. கார்பன் சட்டச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் மேல்குழாயை அழுத்திப் பிடிக்கும் கேரியரைத் தவிர்த்து, சக்கரத்தைப் பிடிக்கும் வகையைத் தேட வேண்டும். மின்சைக்கிள் என்றால் பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிட்டு, மீதி எடையோடு முன்பாரத்தை மறுபடி அளக்க வேண்டும். அப்படிப்பட்ட இரண்டு சைக்கிள்களை எங்கள் ஏர்க்கால் தாங்காது, ஒன்றை மட்டும் தாங்கும்.