தக்காளிக்குப் பூச்சா, உலர்த்தியா? பாலக்கோட்டுக் கணக்கு

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி விலை சரியும்போது பறிகூலிகூடக் கட்டாது என்று காயைச் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் இரண்டு யோசனைகள் சுற்றிவரும். ஒன்று, பழத்தின்மேல் சாப்பிடக்கூடிய பூச்சு பூசி நாளைக் கடத்துவது. மற்றொன்று, காயவைத்து வற்றலோ பொடியோ ஆக்குவது. இரண்டில் எது சிறந்தது என்ற கேள்வியே பாதித் தப்பு. பூச்சு தருவது சில நாள் தவணை, உலர்த்தல் தருவது சில மாதத் தவணை. மூன்று வாரமாக விலை படுத்துக்கிடக்கும்போது, ஒரு வாரத் தவணையை வைத்துக்கொண்டு விவசாயி என்ன செய்வார்?

பூச்சு வேலை செய்யும் விதத்தை முதலில் பார்ப்போம். பறித்த பிறகும் பழம் மூச்சு விடுகிறது. ஆக்சிஜனை எடுத்து, கரியமில வாயுவையும் நீராவியையும் வெளியே விடுகிறது. இந்தப் போக்குவரத்தைக் குறைத்தால் பழுப்பது தாமதமாகும், சுருக்கமும் தள்ளிப்போகும். நம் வயலில் விளையும் மரவள்ளியின் மாவிலேயே கொஞ்சம் கிளிசரின் சேர்த்துப் படலம் செய்யலாம். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட், சோற்றுக் கற்றாழைக் கூழ் எல்லாம் இதே வகைதான். இவை காற்றை நன்றாகத் தடுக்கும், ஈரத்தை அவ்வளவாகத் தடுக்காது. தேன்மெழுகு, கார்னௌபா என்னும் பனையிலை மெழுகு, அரக்கு ஆகியவை ஈரம் வெளியேறுவதை நன்றாகத் தடுக்கும். அதனால்தான் நல்ல பூச்சுக் கலவைகளில் இரண்டு வகையும் சேர்ந்திருக்கும். கைட்டோசான் பூசினால், இறால் ஓட்டிலிருந்து வந்தது என்பதை வாங்குகிறவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

தக்காளியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதன் தோலில் மூச்சுத் துளைகளே கிடையாது. காற்றும் ஈரமும் பெரும்பாலும் போய்வருவது காம்பு கழன்ற அந்த வட்ட வடு வழியாகத்தான். ஆகவே பழம் முழுக்கப் பளபளவென்று பூசிவிட்டு வடுவைச் சரியாக மூடாமல் விட்டால் பலன் பாதிகூடக் கிடைக்காது. கெட்டியாகப் பூசி முழுக்க அடைத்துவிட்டாலோ பழம் உள்ளுக்குள் மூச்சுத் திணறி, கள் வாடை வந்துவிடும். இன்னொன்று, பூசுமுன் கழுவிக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணையும் பூஞ்சை வித்தையும் சேர்த்துப் பொதிந்து வைத்த மாதிரிதான். கழுவி, துடைத்து, தோய்த்து, காற்றாடியில் உலர்த்தும் ஆள்கூலியை, கிலோ அஞ்சு ரூபாய்க்குப் போகும் தக்காளி தாங்காது.

மாம்பழம் வேறு கதை. கிருஷ்ணகிரி அல்போன்சாவோ இமாம்பசந்தோ தூரத்து ஊருக்குப் பழமாகவே போகிறது. அங்கே நாலு நாள் கூடுதலாக நின்றால் அதற்குக் காசு கிடைக்கும். மாம்பழத்தைக் குளிர்கிடங்கில் ரொம்பக் குளிரவைக்கவும் முடியாது. சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்து, சுவையும் கெடும். அதனால் மாம்பழத்துக்கு மெழுகுப் பூச்சு பொருந்தும். பூசிய பழத்தில் அதைச் சொல்லி லேபிள் ஒட்ட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகமும் சேர்ந்து மாம்பழத்தில் ஆராய்ந்த ஹெக்சனாலும் இங்கே நினைவுக்கு வருகிறது. அது பூச்சு அல்ல, பழத்தின் செல்சவ்வைச் சிதைக்கும் நொதியை அடக்கும் தெளிப்பு. தோட்டத்திலேயே அடிக்கலாம் என்பது அதன் பலம். கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காய்க்கு இதில் எதுவும் தேவையில்லை.

இனி உலர்த்தல். தக்காளியில் 100 கிலோவுக்குச் சுமார் 94 கிலோ தண்ணீர். நன்றாகக் காய்ந்தால் கையில் நிற்பது ஆறேழு கிலோ. கிலோ 5 ரூபாய்த் தக்காளி என்றால் ஒரு கிலோ வற்றலுக்குக் காய்ச் செலவு சுமார் 80 ரூபாயில் முடியும். அதே தக்காளி 30 ரூபாய் ஆனால் சுமார் 450 ரூபாய் ஆகிவிடும். அதாவது, விலை விழுந்தபோது மட்டுமே இந்தத் தொழில் கட்டும்.

அந்த 94 கிலோ தண்ணீரை ஆவியாக்க, துளி வெப்பம் வீணாகாவிட்டாலும் சுமார் 60 யூனிட் மின்சாரம் வேண்டும். நடைமுறையில் இன்னும் எவ்வளவோ கூடும். எனவே முழு மின் உலர்த்தி நம் ஊருக்கு ஒத்துவராது. உறைய வைத்து உலர்த்தும் முறையில் நிறம், மணம், வடிவம் எல்லாம் அப்படியே நிற்கும், உண்மைதான். ஆனால் வெற்றிடப் பம்பும் குளிர் எந்திரமும் கேட்கும் முதலீட்டைத் தக்காளி திருப்பித் தராது. களத்திலும் ரோட்டோரத்திலும் காயப்போடுவது சல்லிக்காசு செலவில்லாதது. தூசி, ஈ, திடீர் மழை, மூன்றாம் நாள் பூசணம் என்று நட்டம் வேறு வழியில் வந்துவிடும். வீட்டு மோர் மிளகாய்க்கு அது போதும், விற்பனைக்குப் போதாது.

மீதி இருப்பது சூரியக் கூடார உலர்த்தி. பாலிகார்பனேட் கூரைக்குக் கீழே வெயிலடித்தால் வெளியைவிட 15, 20 டிகிரி கூடுதல் சூடு நிற்கும். என் ஓட்டு இதற்குத்தான். செய்யும்போது கவனிக்க வேண்டியது நறுக்கும் கனம். ஐந்து முதல் எட்டு மில்லிமீட்டர், எல்லாத் துண்டும் ஒரே கனம். சாறும் விதையும் மிகுந்த நாட்டுத் தக்காளியைவிடச் சதைப்பற்றுள்ள ஹைபிரிட் நன்றாகக் காயும். தொடக்கத்திலேயே சூட்டை ஏற்றினால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் சிறைப்படும். தொட்டால் மொறுமொறுவென்று இருக்கும், பத்து நாள் கழித்து டப்பாவைத் திறந்தால் பூசணம். 55, 60 டிகிரியில் நிதானமாகக் காயட்டும். துண்டை வளைத்தால் தோல் வார் மாதிரி மடங்க வேண்டும், கிழித்துப் பிழிந்தால் ஈரம் ஒட்டக் கூடாது. பிறகு காற்றுப் புகாமல் இருட்டில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் சிவப்பு செங்கல் நிறமாகி, பின் கறுத்துவிடும்.

ஐப்பசி மழையில் கூடாரத்தில் சூடு ஏறாது, அதற்கு விறகுச் சூடேற்றி ஒன்றைத் துணைக்கு வைக்க வேண்டும். அரசு மானியம் இருக்கிறது. இருந்தாலும் தனி ஆள் போடுவதைவிட உழவர் குழு சேர்ந்து போடுவதே நல்லது. தக்காளியை மட்டும் நம்பிப் போடவும் கூடாது. தக்காளி மலிந்த வாரங்களில் தக்காளி, சித்திரையில் உதிர்ந்த மாங்காய், விலை குறைந்தபோது மிளகாய், இடையில் கறுப்பு நிழல்வலை விரித்து முருங்கைக்கீரை. தட்டுகள் வருஷத்தில் பாதி நாளாவது நிரம்பவில்லை என்றால், மானியம் போக நாம் போட்ட காசு திரும்பாது. முதல் தட்டை அடுக்குமுன், மசாலாப் பொடிக்கோ சூப் மாவுக்கோ வாங்குகிறவர் ஒருவரிடம் மாதிரி கொடுத்து, எந்த நிறம், எத்தனை ஈரம், எவ்வளவு அளவு என்று பேசி முடித்துவிட வேண்டும்.