பழைய வீட்டு வயரிங்: ஒரே ஆர்.சி.சி.பி.யோடு நாலு வருஷம்

போன வாரம்தான் மறுபடியும் போர்டைத் திறந்து ரிப்பேர் பார்த்து முடித்தோம். அதே சமயத்தில் பெருந்துறை மாப்பிள்ளை போன் செய்து, "எங்க பழைய வீட்டு வயரிங்கையும் உங்க வீடு மாதிரியே மாத்திரலாம்னு இருக்கேனுங்க மாமா, எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தையில் சொல்ல மனசு வரவில்லை. விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

வீடு கோபிப் பக்கம், தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டி. ஓட்டு வீடு, மண் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. முன்னால் ஆசாரம் என்கிற கூடம், பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் மாடு கட்டுகிற கட்டுத்தறி. தேக்குக் கட்டையில் தகரக் கிளிப் அடித்து ஓட்டிய அந்தக் கால வயரிங். பியூஸ் எல்லாம் பீங்கான். வயர்மேல் இருந்த ரப்பர், விரல் பட்டாலே பொரிந்து கொட்டியது. எர்த் கிடையாது. இதை இனியும் வைத்திருந்தால் யாராவது ஒருவர் போய்ச் சேருவார் என்று பயந்துதான் வேலையை ஆரம்பித்தோம்.

கையில் இருந்தது எழுபதாயிரம். மண் சுவரை வெட்டிப் பைப் புதைத்தால் பூச்சு பாளம் பாளமாக வரும், அப்புறம் கொத்தனார் செலவு தனி. அதனால் சுவருக்கு மேலேயே, வயரை உள்ளே வைத்து மூடுகிற கேசிங் பட்டி அடித்தோம். பார்வைக்குச் சுமார்தான். ஆனால் நாலு வருஷத்தில் ஒரு பட்டிகூடக் கழன்று விழவில்லை. விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, மோட்டாருக்கு 4 சதுர மில்லிமீட்டர் என்று வயரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. எர்த் குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கினோம். வெயில் காலத்தில் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். இதில் எதிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

பிரச்சினை எல்லாம் அந்த ஒரே ஆர்.சி.சி.பி.யில்தான், அதாவது கரண்ட் கசிந்தால் தானாக வெட்டிவிடும் பெட்டியில்தான்.

போடும்போதே கேட்டேன், முன்கட்டுக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று என்று இரண்டாகப் போடலாமா என்று. "வீட்டுக்கு ஒண்ணு போதுங்ணா, எதுக்கு வெட்டிச் செலவு" என்றார் வயரிங் செய்தவர். அன்றைக்கு மிச்சமானது இரண்டாயிரத்துச் சொச்சம். அந்த இரண்டாயிரத்துக்காக ஒவ்வொரு ஐப்பசியும் நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

அந்தப் பெட்டி செய்கிற வேலை இதுதான். பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால், எங்கேயோ கசிகிறது, ஒருவேளை யாரோ ஒருவரின் உடம்பு வழியாகப் போகிறது என்று எடுத்துக்கொண்டு கண் இமைப்பதற்குள் வெட்டிவிடும். பழைய பியூஸுக்குப் பதிலாக ஒவ்வொரு லைனுக்கும் போடுகிற எம்.சி.பி. சுவிட்சுக்கு இந்தக் கசிவெல்லாம் தெரியாது. லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோதான் அது விழும். இரண்டாம் வருஷம் குளியலறை ஹீட்டரின் காயில் ஓட்டையானபோது, சுவிட்சைப் போட்ட அதே நொடி ஆர்.சி.சி.பி. விழுந்தது. தண்ணீரில் யாரும் கை வைப்பதற்கு முன்பே விழுந்தது. அதற்காக அந்தப் பெட்டியைக் கும்பிடலாம், மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் மழை பிடித்தால் அது வேறு மாதிரி. மிக்சி போட்டால் விழும். கிரைண்டர் போட்டால் விழும். சில சாயங்காலம் எதுவுமே போடாமல் விழும். வீடு முழுக்க இருட்டு. அம்மா டார்ச்சைத் தேடிக்கொண்டு ஆசாரத்தில் தடவித் தடவி நடப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். வந்து பார்த்தவர்கள் மிக்சியைக் குறை சொன்னார்கள், புது மிக்சி வாங்கினோம். ஆர்.சி.சி.பி.யே கெட்டுவிட்டது என்றார்கள், அதையும் மாற்றினோம். எந்த லைனில் கோளாறு என்று பார்க்க எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக அணைத்தோம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆசாரத்து லைனை மட்டும் விட்டாலும் விழுந்தது. கடைசியாக வந்தவர், "இதைக் கழட்டிட்டு நேராக் குடுத்துரலாங்ணா, தொந்தரவே இருக்காது" என்றார். அவரை அப்படியே அனுப்பிவிட்டேன். வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒருவர் இப்படிச் சொல்லலாமா? இன்றுவரை அந்தக் கோபம் ஆறவில்லை.

கண்டுபிடித்தது, ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். நம் பக்கம் கிணறும் போரும் இல்லாத தோட்டம் ஏது, அதனால் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு வைண்டிங் கடை இருக்கும், அங்கே வயரின் தோலைத் தாண்டிக் கரண்ட் கசிகிறதா என்று அளக்கிற மெகர் மீட்டர் இருக்கும். அவர் மிக்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெயினை அணைத்தார். போர்டைத் திறந்து, நியூட்ரல் கட்டையில் இருந்த கறுப்பு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எர்த்துக்கும் அதற்கும் நடுவே மெகர் வைத்தார். கட்டுத்தறி வயர் வந்ததும் முள் பூஜ்யத்தைவிட்டு எழவே இல்லை. போய்ப் பட்டியைத் திறந்தால், மூலையில் எலி கடித்து கறுப்பு வயரில் நகக்கண் அளவுக்குத் தோல் இல்லை, பக்கத்தில் எர்த் வயரிலும் அதே கடி. இரண்டு செம்பும் ஒட்டிக்கொண்டு பாசி நிறத்தில் பூத்திருந்தன. வெயிலில் காய்ந்தால் விலகும், சுவர் ஈரம் ஏறினால் சேரும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது, வயரிங் செய்ய நினைக்கிற எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் சாதாரணமாகப் போடும் ஒற்றை எம்.சி.பி. பேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் அப்படியே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். கட்டுத்தறி எம்.சி.பி.யை அணைத்தாலும் அந்தக் கறுப்பு வயர் எர்த்தைத் தொட்டபடியே இருக்கிறது. ஆசாரத்தில் மிக்சி ஓடினால், நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்டில் ஒரு பங்கு கட்டுத்தறி வழியாக மண்ணுக்குப் போகிறது. பெட்டி கணக்குப் பார்க்கிறது, குறைகிறது, விழுகிறது. சின்ன எல்.ஈ.டி. பல்புக்கு விழாது, கிரைண்டருக்கு விழும் என்பதற்கும் இதுதான் காரணம். பாவம் அந்த மிக்சி.

இப்போது கடித்த வயரை மாற்றி, கட்டுத்தறி லைனுக்கு இரண்டு வயரையும் சேர்த்து வெட்டும் டபுள் போல் எம்.சி.பி. போட்டாயிற்று. பின்கட்டுக்குத் தனி ஆர்.சி.சி.பி. அடுத்த மழைக்குள் வரும். மாப்பிள்ளை செய்வதாக இருந்தால் இதை எல்லாம் முதல் நாளே செய்ய வேண்டும். மாட்டுப் பக்கம், குளியலறை, மோட்டார் என்று ஈரம் படுகிற லைன் எல்லாம் தனி ஆர்.சி.சி.பி.யில் போக வேண்டும். வேலை முடிந்ததும் மெகர் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு லைனும் எர்த்துக்கு ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. காட்டாமல் கடைசிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

ஷாக் இல்லை, புகை இல்லை, எரிந்துபோன பிளக் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு நல்லது சொன்ன பிறகும் மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். இரண்டு ஆர்.சி.சி.பி.க்குக் காசு தேறாவிட்டால் இந்த வருஷம் வேலையை எடுக்கவே வேண்டாம், எர்த்தை மட்டும் போட்டுவிட்டு அடுத்த தைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். நேற்று ராத்திரிகூட ஒரு தடவை விழுந்தது. இந்த முறை பிரிட்ஜ்.