காரைக்குடியிலிருந்து கடலோரமாக: வடக்கே போவதா, தெற்கே போவதா?

செட்டிநாட்டுக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர்தான் என்பதால், காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு காரைக்குடியை விட்டுக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் கடலைப் பார்த்துவிடலாம். பொங்கல் விடுமுறைக்கோ வீட்டுத் திருமணத்துக்கோ வரும் உறவினர்கள், சொந்தக் காரிலோ வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டும் காரிலோ மூன்று நான்கு நாள் கடலோரமாகச் சுற்றிவர நினைத்தால், தொண்டியில் அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இடப்பக்கம் திரும்பினால் மீமிசல், மனோரா, முத்துப்பேட்டை, கோடியக்கரை, வேளாங்கண்ணி, தரங்கம்பாடி எனச் சோழநாட்டுக் கரை. வலப்பக்கம் திரும்பினால் தேவிபட்டினம், ராமேசுவரம், கீழக்கரை, தூத்துக்குடி, மணப்பாடு எனப் பாண்டிநாட்டுக் கரை. விடியலில் போய் ராமேசுவரத்தில் தீர்த்தமாடிவிட்டு இரவே திரும்புவது இங்குள்ளவர்களுக்குப் பழகிய பயணம்தான் என்றாலும், அதைக் கடலோர விடுமுறை என்று சொல்ல முடியாது. எனவே அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

முதலில் ஓர் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. கடற்கரைச் சாலை என்ற பெயரை நம்பி, வண்டி ஓட்டும் நேரமெல்லாம் அலை தெரியும் என்று எண்ணிக் கிளம்புகிறவர் எந்தத் திசையில் போனாலும் ஏமாறுவார். பெரும்பாலான இடங்களில் சாலை கரையிலிருந்து ஒரு கிலோமீட்டரோ அதற்கு மேலோ உள்ளே தள்ளித்தான் ஓடுகிறது. வடக்கே தென்னந்தோப்புகளும் இறால் பண்ணைகளும், தெற்கே சீமைக் கருவேலமும் உப்பளங்களும் கடலை மறைத்துவிடும். மீனவர் குடியிருப்புகளுக்குப் போகும் கிளைச் சாலைகளில் திரும்பினால்தான் தண்ணீர் கண்ணில் படும். இந்த விதிக்குத் தெற்கு வழியில் இரண்டு விலக்குகள் உண்டு. வடக்கு வழியில் அவற்றுக்கு ஈடாக ஒன்றுமில்லை.

ஒன்று பாம்பன் சாலைப் பாலம். 1988-இல் திறக்கப்பட்ட, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்தப் பாலத்தின் உச்சியில் இருந்து பார்த்தால், ஒரு பக்கம் பாக் நீரிணையும் மறுபக்கம் மன்னார் வளைகுடாவும், கீழே 1914-இன் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட, கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி செங்குத்தாக மேலே உயரும் புதிய ரயில் பாலமும் தெரியும். நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களால் பின்னால் வரிசை நின்றுவிடுகிறது. பாலத்துக்கு முன்பே ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வருவதே முறை. மற்றொன்று முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனை வரை செல்லும் தனுஷ்கோடிச் சாலை. 1964 டிசம்பர்ப் புயலில் ஊரும் ரயில்பாதையும் அழிந்த பிறகு பல ஆண்டுகள் ஜீப்பும் வேனும் மட்டுமே மணலில் உருண்டு போன இடத்துக்கு 2017 முதல் சாதாரணக் காரே தார்ச்சாலையில் போகிறது. இருபுறமும் கடல் இருக்க, நேர்கோடாக நீளும் அந்தச் சாலைக்காக மட்டுமே தெற்கு வழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் படத்துக்காகச் சாலையை விட்டு மணலில் இறக்கினால் சக்கரம் புதைந்துவிடும். மாலைக்குப் பிறகு வண்டிகளை உள்ளே விடுவதில்லை என்பதால் காலையிலேயே போய்விட வேண்டும்.

கடலின் குணத்திலும் இரண்டு வழிகளும் வேறுபடுகின்றன. பாக் நீரிணை ஆழமற்றது, அலை குறைந்தது; கரையோர மக்கள் அதைப் பெண்கடல் என்றும், அலையடிக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். அமைதியான கடல் என்றவுடன் குழந்தைகளை இறக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் தொண்டிக்கு வடக்கே கரையின் பெரும்பகுதி சேறும் கடற்புல்லுமாக இருப்பதால் கால் நனைப்பதற்கேற்ற மணல் அதிகம் கிடைக்காது. அந்தக் கடற்புல்லை மேய வரும் கடற்பசுக்களுக்காகத்தான் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. குளிக்க வேண்டுமென்றால் ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே பாக் நீரிணைப் பக்கம் உள்ள அரியமான் கடற்கரை பொருத்தமானது. தனுஷ்கோடியில் கடலில் இறங்கவே கூடாது. அங்கே நீரோட்டம் கடுமையானது.

இனி, வழியில் இறங்கிப் பார்க்கும் இடங்கள். இதில் வடக்கு வழி தெளிவாக முந்துகிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் மல்லிப்பட்டினம் அருகே கட்டிய மனோரா, அறுகோண அடுக்குகளாகக் கடலோரத்தில் நிற்கிறது. ஐரோப்பியப் போர் ஒன்றின் வெற்றிச் சின்னம் சேதுபாவாசத்திரத்துப் பக்கம் இருப்பதே ஒரு வேடிக்கைதான். முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய்வர அரை நாள் ஒதுக்க வேண்டும். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் வழியில், 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளிய அகத்தியம்பள்ளி இருக்கிறது. கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமான்களை எந்த மாதத்திலும் காணலாம். பூநாரைகளுக்கு மட்டும் குளிர்காலம்தான். வேளாங்கண்ணி, நாகூர் ஆகிய தலங்களைக் கடந்து, காரைக்கால் வழியாகப் போனால், 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை தரங்கம்பாடியில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. கோட்டைக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள அந்த மணல்வெளியில் அமர்ந்து கடலைப் பார்ப்பது, வடக்கு வழியில் கிடைக்கும் மிகச் சிறந்த ஒரு மணி நேரம். இன்னும் இருபது கிலோமீட்டர் சென்றால் பூம்புகார். காவிரிப்பூம்பட்டினமே தங்கள் பூர்வீகம் என்று நகரத்தார் சொல்லிவருவதால், செட்டிநாட்டு வீட்டுப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு அந்த ஊர் வெறும் சுற்றுலா நிறுத்தமாக இராது. இருந்தாலும், பழைய துறைமுகத்தின் எச்சத்தை அங்கே கண்ணால் காணலாம் என்று சொல்லி அழைத்துச் செல்ல வேண்டாம்.

தெற்கில் நிறுத்தங்கள் குறைவு; ஒன்றுக்கொன்று தொலைவும் அதிகம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவபாஷாணம் எனப்படும் நவக்கிரகக் கற்கள், கீழக்கரையில் பழமையான ஜும்மா பள்ளிவாசல், தூத்துக்குடியில் பனிமய மாதா பேராலயம் என்று பார்த்துவிட்டுத் திருச்செந்தூரைக் கடந்தால் மணப்பாடு வந்துவிடும். மணல்மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயில், அதன் கீழே புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை, அங்கிருந்து பார்த்தால் கடலுக்குள் வளைந்து நீளும் மணல்திட்டு. தனுஷ்கோடிக்கு அடுத்து என் தேர்வு இதுதான். கன்னியாகுமரி வரை நீட்டிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, நான்காவது நாளும் ஐந்தாவது நாளும் கையில் இல்லாவிட்டால் வேண்டாம் என்றே சொல்வேன்.

வண்டி ஓட்டுபவரின் வசதியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் தாமே ஓட்டிப்போகும் விடுமுறையில் அதுதான் பாதி. வடக்கே போகும்போது கடல் ஓட்டுநர் அமரும் வலப்பக்கம் இருக்கும். காலை வெயிலும் அதே பக்கத்திலிருந்து அவர் மீதே விழும். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை போன்ற ஊர்களில் சாலை கடைவீதிக்குள் புகுந்து போவதால், பேருந்துகளுக்கும் வேகத்தடைகளுக்கும் நடுவே சராசரி வேகம் குறைந்துவிடுகிறது. தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள் முன்னே போனால் பொறுமை வேண்டும். தெற்கே ராமநாதபுரத்திலிருந்து சாயல்குடி வழியாகத் தூத்துக்குடிக்குப் போகும் சுமார் 120 கிலோமீட்டர் ஏறக்குறைய காலியான சாலை. குறுக்கே வரும் ஆட்டு மந்தைகளும், தூத்துக்குடியை நெருங்கும்போது உப்பு லாரிகளுமே கவனிக்க வேண்டியவை. இந்தத் தொலைவை மதியத்துக்கு முன் ஓட்டி முடித்துவிட வேண்டும், ஏனென்றால் சாலை பெரும்பாலும் தென்மேற்கு நோக்கிப் போவதால் பிற்பகல் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். பெட்ரோலையும் ராமநாதபுரத்திலேயே நிரப்பிக்கொள்வது நல்லது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, வீட்டில் நல்ல நண்டுக் குழம்பு சாப்பிட்டுப் பழகியவர்களை வழியோர உணவகங்கள் எளிதில் திருப்திப்படுத்தாது. அதற்குப் பதிலாக அந்தந்த ஊருக்கே உரியதைத் தேடலாம்: கீழக்கரைத் தொதல் என்னும் இனிப்பு, தூத்துக்குடி மக்ரூன், உடன்குடிக் கருப்பட்டி. இதில் தெற்குக்கே என் வாக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் என்பதால், அந்த நாட்களில் மீனுக்காகவே போகிறவர்கள் நாட்டுப்படகுகள் கொண்டுவருவதை நம்பித்தான் இருக்க வேண்டும், விலையும் ஏறியிருக்கும்.

ஆக, மூன்று நாள் மட்டும் இருந்து, கடலையும் ஓட்டுவதையும் விரும்புகிறவர்கள் தெற்கே போகட்டும். முதல் இரவு ராமேசுவரம், இரண்டாம் இரவு தூத்துக்குடி அல்லது திருச்செந்தூர். நான்கு நாள் இருந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார முடியாத பெரியவர்களும் கேள்வி கேட்கும் பிள்ளைகளும் உடன் வந்தால் வடக்கே. வேதாரண்யத்தில் தங்குமிடம் குறைவு என்பதால் வேளாங்கண்ணியில் தங்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை இரண்டுக்கும் ஏற்ற காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் என்பதால் வடக்கு வழியை அப்போது ஒதுக்கிவிடலாம். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் அந்தப் பகுதித் தென்னைகளைச் சாய்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வேளாங்கண்ணித் திருவிழா நடக்கும் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரையிலும், ஆடி, தை அமாவாசை நாட்களில் ராமேசுவரத்திலும், சஷ்டியின்போது திருச்செந்தூரிலும் காரை நிறுத்தவே இடம் கிடைக்காது.

திரும்பும்போது இரண்டு வழிகளிலும் வந்த சாலையிலேயே வர வேண்டியதில்லை. தூத்துக்குடியிலிருந்து அருப்புக்கோட்டை வழி மதுரைக்கு நான்குவழிச் சாலை, பின் மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி. பூம்புகாரிலிருந்து என்றால் கும்பகோணம், தஞ்சாவூர், புதுக்கோட்டை. மொத்தச் சுற்று தெற்கில் 700 கிலோமீட்டரையும் வடக்கில் 550 கிலோமீட்டரையும் ஒட்டி வரும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ள வாடகைக் காரை எடுப்பவர்கள், ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வரம்பு இருக்கிறதா, அதைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, உப்பு மணல் ஒட்டிய வண்டியைக் கழுவித்தான் திருப்பித் தர வேண்டுமா என்பவற்றைக் கையெழுத்திடும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சொந்த வண்டி என்றால், வீடு திரும்பிய மறுநாளே அடிப்பகுதியை நன்னீர் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும்.